க்ளிக் சத்தம் கேட்காத போட்டோ

நம் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "அக்கா, எந்த லென்ஸ் வாங்கலாம்?" ஒரு வணக்கம்கூடக் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்க்கிற மாதிரி.

குழுவை நடத்துகிறவர்கள் என்னிடம், "நீங்கள்தான் வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறீர்களே, புதியவர்களுக்கு அனுபவத்தை எழுதுங்கள்" என்றார்கள். சும்மா இருக்கிறேன் என்று யார் சொன்னது? தென்காசியில் நான் நடத்திய ஸ்டுடியோவை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் செய்வதில் குறை கண்டுபிடிக்கிற முழுநேர வேலையில் இருக்கிறேன். ஆனாலும் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். லென்ஸைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன். அதற்கு உங்கள் கையிலேயே இணையம் இருக்கிறது.

போட்டோ கேமராவிலேயே வீடியோவும் எடுக்கலாம் என்று வந்த புதிதில், தோளில் தூக்கி வைக்கிற என் பழைய வீடியோ கேமராவை விற்றுவிட்டுத் துணிந்து ஒன்று வாங்கினேன். படம் என்ன அழகு! பின்னணி மங்கி, முகம் மட்டும் பளிச்சென்று. எல்லோரும் அசந்துபோவார்கள் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வீடியோ என்றால் பெரிய கேமரா, கண்ணைக் கூச வைக்கிற விளக்கு, வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிற ஆள். இவ்வளவும் இருந்தால்தான் வீடியோ. சின்னக் கேமராவைப் பார்த்தால் அது போட்டோ. போட்டோவுக்கு ஒரு சட்டம் உண்டு. 'ரெடி' என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், க்ளிக் கேட்டால்தான் விடுதலை.

முதல் சோதனைக்குக் குற்றாலம் போனேன். சீசன் நேரம், நல்ல சாரல். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள் என்றார். கேமராவைத் தூக்கினேன், பழக்கத்தில் 'ரெடி' என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். கை நிறைய எண்ணெயோடு அவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளும் முதுகை நிமிர்த்தி, வெற்றுடம்போடு என்னைப் பார்த்துச் சிரித்தபடி உறைந்துவிட்டார். எண்ணெய் முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பேரும் இமைக்கவில்லை.

"அண்ணாச்சி, தேய்ங்க. இது வீடியோ" என்றேன்.

"மொதல்ல நீ எடுத்து முடி தாயி. பொறவு தேய்க்கேன்" என்றார், உதட்டை அசைக்காமலே.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், படம் முழுக்கப் பின்னால் அருவி மட்டும்தான் அசைகிறது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஊரில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் யாரும் இதைத் தொட்டிருக்கவில்லை. இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கென்றே பெரிய பெரிய குழுக்கள் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி, "எங்கள் ஊரில் சாரல். லென்ஸ் உள்ளே ஆவி படிகிறது. என்ன செய்ய?" என்று கேட்டேன். ஒருவர், "மழையில் எடுக்காதே" என்றார். குற்றாலத்துக்காரியிடம் சொல்கிற பேச்சா இது? இன்னொருவர் என் லென்ஸே மட்டம் என்றார். அந்த இரண்டு பேரும் எனக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன்.

அப்போதுதான் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு பதில் வந்தது. 'அக்கா, ஏசி ரூம்ல இருந்து கேமராவ நேரா வெளிய எடுக்காதீங்க. பைக்குள்ளயே வச்சு வாசல்ல கொஞ்ச நேரம் விடுங்க. வெளிச் சூட்டுக்குப் பழகட்டும்.' பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலாப்பழம்.

அந்தப் பலாப்பழம்தான் அங்கங்கே சிதறிக் கிடந்த தமிழ் ஆட்களையெல்லாம் பொறுக்கியெடுத்து ஒரு தனிக் குழு ஆரம்பித்தது. அதுதான் இன்றைக்கு நீங்கள் லென்ஸ் கேட்கிற இந்தக் குழு. அவர் ஆணா பெண்ணா என்றே ரொம்ப நாள் தெரியாது. பிறகு ஒருநாள் 'என் பொண்டாட்டி திட்டுறா' என்று எழுதியதில் அண்ணன் என்று முடிவு செய்தோம். சீசனுக்குக் குற்றாலம் வாருங்கள், நல்ல பலாச்சுளை வாங்கித் தருகிறேன் என்று ஒருமுறை கூப்பிட்டேன். 'எனக்குப் பலாப்பழம் புடிக்காது அக்கா' என்று பதில் வந்தது. இந்த மனுஷனிடம்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன்.

அதற்காக உடனே தேறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு காதுகுத்து வீட்டில், தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. போட்டோக்காரி புத்தி, ஆள் முழுசாகத் தெரிய வேண்டுமென்று கேமராவை நிமிர்த்திப் பிடித்து வீடியோவை எடுத்து முடித்துவிட்டேன். டிவியில் போட்டால் தாய்மாமன் படுத்துக்கொண்டிருக்கிறார், பிள்ளை அவர்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆசாரி பக்கவாட்டில் பறந்து வந்து காது குத்துகிறார். வந்திருந்த சொந்தமெல்லாம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கழுத்து வலியோடு வீட்டுக்குப் போனது. இன்றைக்கு நீங்கள் எல்லாவற்றையும் நிமிர்த்திப் பிடித்துத்தான் எடுக்கிறீர்கள், அதற்கு ரீல்ஸ் என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். நான் முந்திப் பிறந்ததுதான் குற்றம்.

குழுவில் இந்தக் கதைகளைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பலாப்பழம் மட்டும் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, 'ரெடி' என்ற வார்த்தையை வாயிலிருந்தே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, கேமரா கேட்கிறதை நாமும் கேட்க வேண்டும். ஆகவே கேமராவின் தலையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மாட்டி, அதிலிருந்து ஒரு வயரை எப்போதும் என் இடது காதில் செருகிக்கொள்ளப் பழகினேன். கல்யாண வீடுகளில், "பாவம், ஸ்டுடியோக்காரிக்குக் காது கேக்காது போல" என்று என் காதிலேயே விழும்.

இனி, நான் இதை எழுத ஒப்புக்கொண்ட காரணத்துக்கு வருகிறேன்.

ராயகிரியில் விவசாயம் பார்க்கிற வேலுச்சாமி அண்ணாச்சியின் மகள் கனகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தென்காசியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்கள். தென்காசி மண்டபத்தில் ஆனி மாத முகூர்த்தம். அதற்கு முந்தின வாரம் கனகா தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"யக்கா, எனக்கு ஒரே ஒரு போட்டோ மட்டும் வேணும். எங்கப்பாவும் அத்தையும் சேந்து நிக்கணும். மத்தது எதுவும் நல்லா வராட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

விஷயம் இதுதான். கனகாவின் அத்தை பேச்சியம்மா, வேலுச்சாமி அண்ணாச்சிக்கு மூத்தவர். புளியறையில், செக்போஸ்ட் பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். கேரளத்துக்குப் போகிற லாரிக்காரர்களை அதட்டி அதட்டி அவர் நாக்கு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது. தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர் என்பதால் அந்தத் தீட்டிய நாக்கு அடிக்கடி தம்பி மேல்தான் பாயும். அந்தப் பயத்தில், அக்கா வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் வைக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகையை, அண்ணாச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். 'புளியறையில இறக்கிருங்க' என்று சொல்லி, வாழைத்தார் அனுப்புவது போல.

எங்கள் பக்கத்தில் அத்தைக்குப் பத்திரிகையைப் பஸ்ஸில் அனுப்புவதும், கல்யாணத்துக்கு வராதே என்று சொல்வதும் ஒன்று. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கனகா அழுது கூப்பிட்டதால் கல்யாணத்துக்கு மட்டும் வருகிறேன் என்றிருந்தார் பேச்சியம்மா.

வந்தார். கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, காரைவிட்டு இறங்காத மந்திரி மாதிரி உட்கார்ந்திருந்தார். பந்திக்குப் போகவில்லை. தாலி கட்டி முடிந்து, மணமக்களோடு போட்டோ எடுக்கிற வரிசை மண்டபத்து வாசல் வரை நீண்டது. கனகா மேடையிலிருந்தபடியே அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள், இறக்கவே இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் பேச்சியம்மாவுக்கு எழுந்து வருவதைத் தவிர வேறு வழி இல்லை. அதே கையோடு அப்பாவையும் இழுத்து நிறுத்தினாள். மாப்பிள்ளை, கனகா, அப்பா, அத்தை. நான்கு பேரும் வரிசையாக. அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவே தாராளமாக ஒரு ஆள் நிற்கலாம்.

கேமரா ஸ்டாண்டில் இருந்தது. அழுத்தினேன். க்ளிக் வரவில்லை. ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது. அதற்கு முன்னால் கூட்டத்தை வீடியோ எடுத்துவிட்டு, கேமராவின் மேலிருக்கிற திருகை வீடியோவிலிருந்து போட்டோவுக்கு மாற்ற மறந்திருக்கிறேன். மாற்றுவதற்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போது என் இடது காதில் ஒரு குரல்.

"யக்கா, சாப்பிட்டியா?"

நிமிர்ந்து பார்த்தேன். வேலுச்சாமி அண்ணாச்சி நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். உதடு அசைந்த மாதிரியே தெரியவில்லை.

"பேசாதலே. போட்டோ எடுக்காவ." பேச்சியம்மாவும் கேமராவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

"காலைல இருந்து பாக்கேன். பந்தில ஒன்னக் காணல."

"பத்திரிகையப் பஸ்ஸுல குடுத்து விட்டவன் வீட்டுப் பந்தில நான் எதுக்கு உக்காரணும்? எனக்குச் சோத்தையும் பஸ்ஸுல குடுத்து விடு. புளியறையில எறக்கிக்கிடுதேன்."

கனகாவுக்கு இது கேட்கிறது. அவள் சிரிப்பை மாற்றவில்லை. ஆனால் கண்ணை மட்டும் பெரிதாக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் ஒன்றுதான். எடுத்துவிடாதே.

தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலில் எத்தனையோ முடிவுகளை ஒரு நொடியில் எடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் எப்போது அழுத்துவது என்பதுதான் கேள்வி. அன்றைக்கு என் கேள்வி வேறு. க்ளிக் சத்தம் கேட்டால் சட்டப்படி இவர்களுக்கு விடுதலை. இவர் இந்தப் பக்கம் இறங்குவார், அவர் அந்தப் பக்கம் இறங்குவார். பிறகு எந்தக் கல்யாணத்தில் சேர்ந்து நிற்பார்களோ. அழுத்தாமல் இருந்தால், பின்னால் வாசல் வரை வரிசை நிற்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா முதல் ஆளாக, குடும்பத்தோடு, பொறுமை இல்லாமல் நிற்கிறார். அவர் மகள் கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிடுவதாக அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"யாரும் அசையாதீங்க!" என்று சத்தமாகச் சொன்னேன். "சாரல் ஆவி லென்ஸுக்குள்ள போயிட்டு. தெளியட்டும். அப்படியே நில்லுங்க."

சீசன் நேரத்தில் தென்காசியில் எதற்கு வேண்டுமானாலும் சாரல் மேல் பழி போடலாம். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, ஒன்றுமில்லாத இடத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நேர்ல வந்தா நீ ஏசுவேன்னுதான்க்கா பஸ்ஸுல குடுத்து விட்டேன்" என்றது காதில் அண்ணாச்சியின் குரல்.

"ஏசுவேன்தாம்லே. ஊரு ஒலகத்து லாரிக்காரனுக்கெல்லாம் சோறு போடுதேன். உரிமையா ஏசுததுக்கு எனக்கு ஒன்ன விட்டா வேற யாரு இருக்கா?"

சிரிப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அண்ணாச்சியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, சிரித்த கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை, போட்டோ எடுக்கிறார்கள் அல்லவா!

"என்னம்மா, எடுத்தாச்சா இல்லையா?" என்று சித்தப்பா கத்தினார். "பெரிய கேமராவாக் கொண்டாந்திருந்தா இப்படி ஆகுமா? வெளையாட்டுச் சாமான வச்சுக்கிட்டு!" பின்னாலிருந்து சிரிப்பும் கேலியும் வந்தன. எனக்குக் காது சுட்டது. துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"தப்புத்தான்க்கா."

"என்னது? கேக்கல."

"தப்புத்தான்னு சொல்லுதேன்."

பிறகு, சட்டத்தையெல்லாம் மீறிப் பேச்சியம்மா திரும்பினார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். இடைவெளியைத் தாண்டி வந்து, அவர் தோளில் முறுக்கிக் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்து விரித்துப் போட்டார்.

"மகளுக்குக் கல்யாணம். துண்ட ஒழுங்காப் போடத் தெரியுதா ஒனக்கு? போட்டோவுல அசிங்கமா விழுமேலே. வா, பந்திக்கு. பசிக்கி."

இரண்டு பேரும் இறங்கிப் பந்திக்கே போய்விட்டார்கள். சித்தப்பா குடும்பம் ஏறி நின்றது. திருகை மாற்றி, க்ளிக் க்ளிக்கென்று அவர்களை எடுத்துத் தள்ளினேன். அப்படியும் அவர் மகள் கல்யாணத்துக்கு வேறு ஆளைத்தான் வைத்தார். பெரிய கேமராக்காரராம். போகட்டும்.

மறுவீடு முடிந்து கனகா ஸ்டுடியோவுக்கு வந்து, "யக்கா, அந்தப் போட்டோ?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் போட்டோ இல்லை. மற்ற எல்லோரையும் எடுத்திருக்கிறேன், அவள் கேட்ட ஒன்றை எடுக்கவில்லை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இருக்கே. ரெடி பண்ணித் தாரேன்" என்றேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் குழுவுக்கு ஓடினேன்.

வீடியோவிலிருந்து ஒரு படத்தை நிறுத்தி எடுப்பதற்கு ஆளாளுக்கு வழி சொன்னார்கள். அன்றைய வீடியோவில் அந்தப் படம் சின்னதாகத்தான் வரும், பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆல்பத்துக்கு ஆகாது என்றும் சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி வேறு. எந்த இடத்தில் நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வாய் கோணலாக இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் வேறு எப்படி இருக்கும்? ரெண்டு பேரும் வாயை மூடின இடம் ஒன்றுகூட இல்லையே என்று புலம்பினேன்.

பலாப்பழம் கடைசியாக வந்தார். 'வாய் மூடுன இடத்தத் தேடாதீங்க அக்கா. அவங்க கேமராவ மறந்த இடத்தத் தேடுங்க.'

ஒரே இடம்தான் இருந்தது. அத்தை தம்பியின் துண்டைப் பிடித்து இழுக்கிறார், தம்பி நனைந்த முகத்தோடு அவரைப் பார்க்கிறார். மாப்பிள்ளை மட்டும்தான் பாவம், இன்னும் என்னையே பார்த்துச் சிரிக்கிறார். கனகா தலையைக் குனிந்திருக்கிறாள். போட்டோக்காரி கணக்கில் இது கழித்துப் போட வேண்டிய படம். சின்னதாகவே அச்சிட்டு, ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கத்தின் நடுவில், சுற்றிலும் வெள்ளையாக விட்டு, தனியாக ஒட்டினேன்.

அந்த வீடியோவில் பேச்சும் இருந்தது. அதைக் கொடுப்பதா என்று கனகாவிடமே கேட்டேன். "வேண்டாம்க்கா. அது அவங்க ரெண்டு பேருக்கும் உள்ளது" என்றாள். அவள் முன்னாலேயே அழித்தேன். இன்றைக்கு நீங்கள் சட்டைப் பொத்தானில்கூட மைக் வைக்கிறீர்கள். காதில் விழுவதெல்லாம் நம்முடையது இல்லை, அதை மட்டும் மறக்காதீர்கள். இப்போது நான் எழுதுவதுகூட, பேச்சியம்மாவே இதைப் புளியறையில் லாரிக்காரர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பதால்தான்.

பிறகு கனகாவின் பிள்ளைக்கு ராயகிரியில் காதுகுத்து. கேமராவைப் படுக்கையாகத்தான் பிடித்தேன், கவலை வேண்டாம். விசேஷம் முடிந்து எல்லோரும் பந்தியில் இருந்தபோது நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சமையல் பக்கத்திலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது.

"ஏட்டி ஸ்டுடியோக்காரி, சாப்பிட வாறியா, இல்ல பஸ்ஸுல குடுத்து விடவா?"

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தால், கூடத்துச் சுவரில் அந்தப் படம். அண்ணாச்சி அதை எங்கேயோ கொடுத்து ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார். எல்லாம் புள்ளி புள்ளியாக, மழைக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி. எனக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, தெளிவா எத்தனையோ படம் குடுத்திருக்கேன். இதப் போய் மாட்டியிருக்கியளே."

"இதுதாம்மா தெளிவா இருக்கு" என்றார். அக்கா இழுத்து விரித்த அந்தத் துண்டை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு என்னவோ நினைவு வந்தவர் போலத் திரும்பினார்.

"ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். இத எப்பம்மா எடுத்த? நாங்க நிக்குத வரைக்கும் க்ளிக் சத்தமே கேக்கலியே."

"கேட்டிருந்தா, நீங்க ரெண்டு பேரும் அப்பவே எறங்கிப் போயிருப்பியளே அண்ணாச்சி" என்றேன்.